யுரேனியக் காந்தமும் உங்கள் மகளின் இயற்பியலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, ஏ நிலைத் தேர்வு நெருங்குகிறது. இந்த நேரத்தில் “யுரேனியச் சேர்மங்களின் காந்தத்தைப் பற்றிப் படிக்கப் போகிறேன்” என்கிறாள். கணினித் துறைக்குப் போகும்படி அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில், யுரேனியத்தின் கதிர்வீச்சு அவளைப் பாதிக்குமோ என்ற உங்கள் பயத்தைப் பார்ப்போம். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுவது யுரேனியம்-238. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 450 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் கதிர்வீச்சும் குறைவு. தூளாகி மூச்சிலோ வயிற்றிலோ போனால் ஆபத்துதான், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் சிறு படிகத் துண்டுகளை உரிமம் பெற்ற ஆய்வுக்கூடங்களில் மட்டும் கையாளுகிறார்கள். கணக்கீட்டு ஆய்வு என்றால் யுரேனியத்தைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, அவளை இழுப்பது எது? மூங்கில் நீளவாக்கில் சுலபமாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது. படிகத்துக்குள் காந்தமும் அப்படித்தான், சில திசைகளில் எளிதாக நிற்கும், மற்றவற்றில் முரண்டு பிடிக்கும். இதைக் காந்தத் திசைச்சார்பு என்பார்கள். இரும்பில் இது மிகக் குறைவு. யுரேனியத்தில் காந்தத்தைத் தருபவை 5எஃப் என்ற வகை எலக்ட்ரான்கள். அவற்றில் தற்சுழற்சியும் (எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் பண்பு) அணுக்கருவைச் சுற்றும் பாதையும் இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. அந்தப் பாதையோ அண்டை அணுக்களோடு கட்டுண்டது. ஆக, காந்தத்தைத் திருப்பினால் பாதையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது.

யுரேனியம் சல்ஃபைடை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பைப் போன்ற கனசதுரப் படிகம். இவ்வளவு சீரான அமைப்பில் திசைச்சார்பு சொற்பமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அதன் காந்தம் கனசதுரத்தின் மூலைவிட்டத்தை விட்டு அசைய மறுக்கிறது, கனசதுரப் படிகங்களிலேயே மிக வலுவான திசைச்சார்புகளில் அதுவும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் இன்னொரு வியப்பு. யுரேனியமும் ஜெர்மானியமும் சேர்ந்த ஒரு ஃபெர்ரோ காந்தத்தை, அதாவது இரும்பைப் போன்ற காந்தத்தை, கடும் அழுத்தத்தில் குளிர்வித்தபோது, காந்தம் அழியாமலேயே மின்தடை இல்லாத மீகடத்தியாகவும் மாறியது. இரண்டும் ஒன்றாக இருக்காது என்று பலர் நம்பிவந்த காலம் அது. பதினெட்டு வயதுப் பிள்ளை இதில் மயங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி வேலை. யுரேனியம் சல்ஃபைடு ஏறத்தாழ மைனஸ் 93 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் காந்தமாகிறது. அதை வைத்து யாரும் மோட்டார் செய்ய மாட்டார்கள். இந்தப் பெயரில் சிங்கப்பூரில் வேலை விளம்பரம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் திசைச்சார்பு என்ற அதே பாடம் இங்கே சோறு போடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் தகவலைத் தாங்கும் துகள்கள் சிறுக்கச் சிறுக்க, அறைவெப்பமே அவற்றின் காந்தத்தைப் புரட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் திசைச்சார்பு மிகுந்த இரும்பு-பிளாட்டினக் கலவை. அப்புறம் அதில் எழுதுவதே கடினமாகிவிட, லேசரால் ஒரு கணம் சூடாக்கி எழுதுகிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த சீகேட் நிறுவனத்துக்கு உட்லண்ட்ஸில் தொழிற்சாலையும் ஒன்-நார்த்தில் ஆய்வு மையமும் உள்ளன.

என் யோசனை இதுதான்: சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங்கிலோ இயற்பியலில் சேரட்டும். திண்மநிலை இயற்பியல், குவாண்டம், நிரலாக்கம் மூன்றையும் விடக் கூடாது. நீங்கள் கேட்ட கணினி அதற்குள்ளேயே வந்துவிடும். விடுமுறையில் ஏதாவது காந்தவியல் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி எடுக்கட்டும். யுரேனியம் முனைவர் பட்டம் வரை காத்திருக்கலாம். அதற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே, செக் குடியரசின் பிராக், பிரான்சின் கிரெனோபில், ஜப்பானின் டோக்காய் என்று போக வேண்டியிருக்கும். உபகாரச் சம்பளம் வாங்கினால் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள்.

பல்கலைக்கழகப் பொது வரவேற்பு நாளில் நீங்களும் அவளோடு போங்கள். காந்தவியல் பேராசிரியர்களிடம், அவர்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அந்தப் பதில்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.