தேசியக் கலைக்கூடத்தின் புரவலர் யார்?

கேள்வி: கோலாலம்பூர் ஜாலான் தெமெர்லோவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, இதை உருவாக்கிய வள்ளல் யார் என்று கேட்கிறார்கள். யாரைச் சொல்வது?
– ஆசிரியை ஒருவர், செந்தூல்

பதில்: தம் சேகரிப்பை அப்படியே எடுத்துக் கொடுத்த செல்வந்தர் என்ற பொருளில் அதற்குப் புரவலர் எவரும் இல்லை. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைய நான்கு நாள்களே இருந்த நிலையில், 1958 ஆகஸ்டு 27 அன்று, ஜாலான் அம்பாங்கில் ஒரு கட்டடத்தில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் திறந்துவைத்தபோது, சொந்தச் சேகரிப்பு என்று இருந்தவை மலாயா கலை மன்றம் வழங்கிய நான்கு படைப்புகள் மட்டுமே. பணத்தைவிட உழைப்பையும் செல்வாக்கையும் தந்தவர்களே அதை நிலைநிறுத்தினார்கள். துங்குவின் பத்திரிகைச் செயலாளராக இருந்த ஆஸ்திரேலியர் ஃபிராங்க் சல்லிவன், கலைக்கூடத்தின் கௌரவச் செயலாளராகவும் பணியாற்றினார். பிரதமரிடம் நேரில் பேசக்கூடிய ஒருவர் ஓவியப் பித்தராகவும் வாய்த்தது அக்கலைக்கூடத்தின் நல்லூழ் என்றே சொல்வேன். வழக்கறிஞர் பி. ஜி. லிம் அறங்காவலர் குழுவில் இருந்து துணைநின்றார். 1984இல் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள பழைய மெஜஸ்டிக் ஹோட்டலுக்குக் குடிபெயர்ந்து, 1990களின் இறுதியில்தான் அது இப்போதைய இடத்தை அடைந்தது. ஆகவே, மாணவர்களிடம் ஒரு பெயருக்குப் பதிலாக அந்த நான்கு படைப்புகளின் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: பினாங்கில்தான் நாட்டின் ஓவியக் கலை தொடங்கியது என்று நண்பர் வாதிடுகிறார். உண்மையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நவீன ஓவியத்தைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் பக்கம் நியாயம் அதிகம். தலைநகரில் கலைக்கூடம் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அங்கே ஓவியர்கள் தாங்களாகவே கூடிவிட்டார்கள். பெரும்பாலும் ஐரோப்பியர்களே அடங்கிய 1920களின் ஓவியர் குழுவோடு நீர்வண்ண ஓவியர் அப்துல்லா அரிஃப் தொடர்பு கொண்டிருந்தார். சரவாக்கில் பிறந்து பினாங்கில் புகைப்பட நிலையம் நடத்திய யோங் முன் சென், 1936இல் தோன்றிய சீன ஓவியர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். தம் பாத்தேக் துணி ஆலை நொடித்த பிறகு, அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு ஓவியம் தீட்டத் தொடங்கிய சுவா தியான் தெங்கின் படைப்பு, யூனிசெஃப் வாழ்த்து அட்டையாக உலகைச் சுற்றியது. அவருடைய குடும்பத்தின் யாஹோங் கலைக்கூடம் பத்து பெரிங்கியில் இருக்கிறது. மாநில அருங்காட்சியகமோ 1965இல்தான், ஃபர்குவார் சாலையில் முன்பு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் இயங்கிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1818இல் கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டிய தீவுக் காட்சிகள் அதன் சேகரிப்பின் பெருமை என்றாலும், அவை வந்துபோன ஓர் அதிகாரியின் பார்வை; யோங் முன் சென்னின் கடற்கரைகளோ அங்கேயே வாழ்ந்தவரின் பார்வை.

கேள்வி: இந்த வரலாற்றில் இந்தியர்களுக்கு இடம் உண்டா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உண்டு, நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை என்பதுதான் குறை. 1943இல் ராமநாதபுரம் சீமையின் அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், மெட்ராஸ் அரசு கலைக் கல்லூரியில் பயின்றவர். தமிழ் முஸ்லிமான அவர் 1970களில் ராமாயணக் காட்சிகளைப் பெரிய அளவில் தீட்டினார். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், போரையும் சுற்றுச்சூழல் கேட்டையும் ஒளிப்படங்கள், செய்திப்படங்கள் வழியே கண்முன் நிறுத்தினார். பத்திரிகையாளராகவும் பணிபுரிந்த ஜே. அனுரேந்திரா, இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர். புலம்பெயர்ந்த குடும்பங்களின் கதை அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த முறை தேசியக் கலைக்கூடத்துக்குப் போகும்போது இம்மூவரின் படைப்புகளில் எவை காட்சியில் உள்ளன என்று வரவேற்பு மேசையில் கேட்டுப் பாருங்கள்.