வாசகர் கேள்வி பதில்: எந்த மனு எந்த அமைச்சருக்கு?

நீலகிரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், மத்திய அரசின் அமைச்சகங்களையும் துறைகளையும் பற்றிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு மத்திய வேளாண் அமைச்சருக்கு மனு அனுப்பலாம் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறோம். அது சரியான இடம்தானா?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

இல்லை. தேயிலை, மத்திய வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கிறது; அந்த அமைச்சகத்திலும் அதைக் கவனிப்பது வணிகத் துறை. வேளாண்மை என்பது அரசியலமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஆனால் தேயிலைத் தொழிலை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வதாக 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் அறிவித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1954இல் அமைந்த தேயிலை வாரியம், கொல்கத்தாவைத் தலைமையிடமாகவும் குன்னூரை ஒரு மண்டல அலுவலகமாகவும் கொண்டு இன்றுவரை வணிக அமைச்சகத்தின் கீழேயே இயங்குகிறது. அன்றைய ஆட்சியாளர்கள் தேயிலையைப் பயிராக அல்ல, அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் ஏற்றுமதிச் சரக்காகவே பார்த்தார்கள். காப்பி, ரப்பர், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றுக்கான வாரியங்களும் அதே அமைச்சகத்தில்தான் இருக்கின்றன. தென்னை வளர்ச்சி வாரியம் மட்டும் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஆகவே மேல்காட்டில் தேயிலையும் கீழ்க்காட்டில் கேரட்டும் போட்டிருக்கும் ஒரே குடும்பம், டெல்லியில் இரண்டு அமைச்சர்களைப் பார்த்துப் பேச வேண்டியதாகிறது.

பச்சைத் தேயிலை விலையைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் தேயிலை (சந்தைப்படுத்தல்) கட்டுப்பாட்டு ஆணைதான் முக்கியமானது. கொழுந்து கொடுக்கும் விவசாயிக்கும் அதை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைக்கும் இடையே விற்பனைத் தொகை எவ்வாறு பிரிய வேண்டும் என்பதற்கு அதுவே அடிப்படை. எனவே விலை பற்றிய மனுவில் அந்த ஆணையைக் குறிப்பிட்டு, வணிக அமைச்சருக்கும் தேயிலை வாரியத்துக்கும் ஒருசேர அனுப்புங்கள். ஆனால் தேயிலை தொடர்பான எல்லாமே அங்கே முடிந்துவிடுவதில்லை. வெளிநாட்டுத் தேயிலைக்கு விதிக்கும் சுங்க வரியை அறிவிப்பது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. தூளின் தரத்துக்கு விதி வகுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்தது. உர மானியம் ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்திடம் இருக்கிறது. நான்கு குறைகளையும் ஒரே தாளில் எழுதினால் எந்த அலுவலகமும் அதை முழுமையாகத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. குறைக்கு ஒரு மனுவாகத் தனித்தனியே எழுதுவதே பயன் தரும். ஏக்கர் கணக்கில்கூடத் தோட்டம் இல்லாமல் சென்ட் கணக்கில் கொழுந்து பறித்து வாழும் குடும்பங்கள் இந்த மலையில் ஏராளம். ஏற்றுமதி வணிகத்தை முதன்மையாகக் கருதும் ஓர் அமைச்சகம், அவர்களையும் விவசாயிகளாகவே கருதி நடக்க வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன்.

கேபினட் அமைச்சர், தனிப்பொறுப்பு இணையமைச்சர், இணையமைச்சர் என்று மூன்று வகை சொல்கிறார்களே, அதிகாரத்தில் என்ன வேறுபாடு?
– கல்லூரி மாணவி, குன்னூர்

கேபினட் அமைச்சர் ஓர் அமைச்சகத்தின் முழுப் பொறுப்பை வகிப்பதோடு, அரசின் பெரிய முடிவுகளை எடுக்கும் அமைச்சரவைக் கூட்டத்திலும் உறுப்பினர். தனிப்பொறுப்பு வகிக்கும் இணையமைச்சருக்குத் தம் அமைச்சகத்தில் மேலே வேறு அமைச்சர் கிடையாது. ஆனால் அமைச்சரவைக் கூட்டத்துக்கு, அவருடைய பொருள் விவாதத்துக்கு வரும்போது அழைக்கப்பட்டால் மட்டுமே செல்வார். இணையமைச்சர், கேபினட் அமைச்சரின் கீழ் அவர் பிரித்துக் கொடுக்கும் வேலைகளைப் பார்ப்பவர். நாடாளுமன்றத்தில் அந்த அமைச்சகத்தின் சார்பில் பதிலளிக்கும் பணி பெரும்பாலும் இவருக்கே வருகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த மூன்று படிநிலைகளை அரசியலமைப்புச் சட்டம் வகுத்துரைக்கவில்லை. அமைச்சரவையை அது குறிப்பிடுவதே 352ஆம் பிரிவில், 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தத்துக்குப் பிறகுதான்.

பிரதமரையும் சேர்த்து அமைச்சர்களின் மொத்த எண்ணிக்கை மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் வரம்பிட்டது. 543 பேர் கொண்ட அவையில் அது 81 ஆகிறது. எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். துறை எதுவும் இல்லாமலும் ஒருவர் அமைச்சராக இருக்கலாம். 1950இல் ராஜாஜி நேருவின் அமைச்சரவையில் இலாகா இல்லாத அமைச்சராகச் சேர்ந்து, பட்டேலின் மறைவுக்குப் பின் உள்துறையை ஏற்றார். அமைச்சருக்குத் தம் துறையின் மீதுள்ள பொறுப்பு எத்தகையது என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1956 நவம்பரில் அரியலூர் அருகே நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார்.

முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி எந்த அமைச்சரின் கீழ் வருகிறது?
– ஆசிரியர், உதகை

1970இல் பணிக்கு வந்த அந்தத் தொலைநோக்கியை இயக்குவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வானியல் மையம். அந்த நிறுவனம் அணுசக்தித் துறையைச் சேர்ந்தது. அணுசக்தித் துறையும் விண்வெளித் துறையும் எந்த அமைச்சகத்துக்குள்ளும் அடங்காமல் பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருப்பவை. அதே முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமோ வேளாண் அமைச்சகத்தைச் சார்ந்தது.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் வெலிங்டன் கண்டோன்மென்ட்டும் ஒரே அமைச்சகம்தானே?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, அருவங்காடு

அமைச்சகம் ஒன்றுதான், துறைகள் வேறு. பாதுகாப்பு அமைச்சகத்தில் ஐந்து துறைகள் உள்ளன. தொழிற்சாலை பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் வருகிறது. 2021 அக்டோபர் 1 முதல், பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் பங்காயிற்று. கண்டோன்மென்ட்டின் நிலமும் நிர்வாகமும் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவை. முன்னாள் படைவீரர் நலனுக்கு 2004 முதல் தனித் துறை இருப்பதால், படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் தங்கள் குறைகளை அங்கே எழுத வேண்டும்.

படுகர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?
– வாசகர், குந்தா

தனியொரு அமைச்சரிடம் இல்லை. பட்டியலில் ஒரு சமூகத்தைச் சேர்ப்பதோ நீக்குவதோ 342ஆம் பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டத்தால்தான் நடக்க முடியும். அந்தச் சட்டம் வருவதற்கு முன் கோப்பு கடக்க வேண்டிய வழி நீளமானது. மாநில அரசு காரணங்களுடன் பரிந்துரைக்க வேண்டும். அதை 1999இல் தொடங்கப்பட்ட பழங்குடியினர் நல அமைச்சகம் பெற்று, உள்துறை அமைச்சகத்தின் கீழ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கவனிக்கும் தலைமைப் பதிவாளரின் கருத்தைக் கேட்கும். அவர் ஏற்றுக்கொண்டால் தேசியப் பழங்குடியினர் ஆணையத்துக்குப் போகும். ஏற்காவிட்டால் மேலும் சான்றுகள் கேட்டு மாநிலத்துக்கே திரும்பும். ஆணையமும் இசைந்த பிறகுதான் அமைச்சரவை ஒப்புதலும் மசோதாவும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்ந்ததும் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியேதான். ஆகவே இந்தக் கோரிக்கையை எழுப்புகிறவர்கள், கோப்பு இன்று எந்தக் கட்டத்தில், யாருடைய மேசையில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிவது மிகவும் அவசியம். அது தெரியாமல் டெல்லிக்குப் போய்ச் சந்திக்கும் அமைச்சரால், கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாமல் போகலாம்.

எது எந்தத் துறை என்பதை நாங்கள் எங்கே பார்ப்பது? தவறான துறைக்கு எழுதிவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், கூடலூர்

1961ஆம் ஆண்டின் இந்திய அரசு அலுவல் ஒதுக்கீட்டு விதிகள்தான் அதற்கான மூல ஆவணம். அரசியலமைப்பின் 77ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பித்த அந்த விதிகளில், ஒவ்வொரு துறைக்கும் உரிய பொருள்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன; அமைச்சகங்கள் மாறும்போதெல்லாம் அவையும் திருத்தப்படுகின்றன. அமைச்சரவைச் செயலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். நிலப் பட்டா உங்கள் பகுதியில் பெரிய பிரச்சினை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது, எனவே பட்டாவுக்காக எந்த மத்திய அமைச்சரையும் நாட வேண்டியதில்லை. வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் கேள்வி வந்தால் மட்டும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உள்ளே வரும்.

மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால், அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இந்தத் தகவல் விண்ணப்பத்தைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும், அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி ஐந்து நாள்களுக்குள் அதை உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. சாதாரண மனுவுக்கு இல்லாத பாதுகாப்பு இது. மத்திய அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றின் நகலை இணைத்தால் அதுவும் செலுத்த வேண்டியதில்லை.