மென்றால் தாடை நீளுமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கீழ்த்தாடை உள்ளடங்கி இருக்கிறது என்று அவனுக்குப் பெரிய குறை. மூன்று மாதமாக நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறான். ரப்பர் உருண்டை ஒன்றை நாள் முழுக்க மெல்கிறான். தாடை எலும்பு எடுப்பாகிவிடுமாம். உண்மையா?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: முதலில் அந்த உருண்டையை வாங்கி வைத்துவிடுங்கள். மென்றால் பெருப்பது கன்னத்தின் பின்பக்கத்துத் தசைதான். முகம் அகலமாகுமே தவிர, முகவாய் முன்னால் வராது. காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டுதான் பாடுபடும். வாய் திறந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறதா, காலையில் தாடை வலிக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளையின் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் மூட்டைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். நாக்கு அண்ணத்தைத் தொட்டிருப்பது இயல்பு. அழுத்தி எலும்பை நகர்த்த முடியாது.

குறை நிஜமா என்று பார்க்க செல்ஃபியை நம்பாதீர்கள். ஓரடி தூரத்துக் கேமராவில் மூக்கு பெருத்தே தெரியும். ஐந்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் எடுங்கள். பிறகு கடைவாய்ப் பற்களைச் சாதாரணமாகக் கடித்திருக்கச் சொல்லி, மேல் முன்பல்லின் விளிம்பு கீழ்ப்பல்லை விட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று ஸ்கேலால் அளங்கள். 2, 3 மி.மீ. இயல்பு. 6 மி.மீ.க்கு மேல் என்றால் தாடையே பின்தங்கியிருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

ஆண் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை வேகமாக வளர்வது சுமார் 12 முதல் 15 வயதில். கழற்றி மாட்டும் தாடைக் கிளிப் அப்போதுதான் நன்றாகப் பலன் தரும். இப்போது வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்பதை, பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவத்தை வைத்துக் கணிப்பார்கள். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி முதுநிலை பல் மருத்துவக் கல்லூரியில், பல் சீரமைப்புப் பிரிவில் காட்டுங்கள்.

வளர்ச்சி முடிந்தபின் வழி அறுவை சிகிச்சைதான். பல மாதம் கம்பி கட்டி, பிறகு தாடையை அறுத்து முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் போட்டு இறுக்குவார்கள். எலும்புக்குள் நரம்பு ஓடுவதால் கீழுதடு மரத்துப்போகலாம்; சிலருக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்புவதில்லை. கடி சரியாக இருந்தால், தோற்றத்துக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பேன்.

கேள்வி: கூரான தாடை இருந்தால்தான் அழகா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: இல்லை. 1878-ல் இங்கிலாந்து அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பல முகங்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தபோது, கலந்து வந்த முகம் தனித்தனி முகங்களைவிட லட்சணமாக இருப்பதைக் கவனித்தார். 1990-ல் கணினியில் கலந்த முகங்களைப் பார்த்தவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். சராசரி அளவுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் முகமே பலருக்கும் பிடிக்கிறது. ஆணின் அகன்ற தாடை பெண்களைக் கவருமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.