கபர்னே சொவிஞோன் முந்திரிகை (திராட்சை) வன்னியில் வளருமா?

கொடி வளரும்; வைனுக்கு ஏற்ற பழம் கிடைப்பதுதான் கடினம். பிரான்சின் போர்தோவைச் சேர்ந்த இந்தச் சிவப்பு வைன் இனத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். வன்னியில் அது இல்லாததால், கவாத்துச் செய்தாலும் நுனி மொட்டுகள் முந்தித் துளிர்க்கும். கீழுள்ளவை பல விழிக்கவே மாட்டா. இரவும் சூடாயிருந்தால் தோலில் நிறம் ஏறாது, புளிப்பும் இறங்கிவிடும். இந்தியாவின் நாசிக்கில் இது சரிவருவதற்குக் காரணம் ஏறத்தாழ 600 மீற்றர் உயரமும் பழம் முற்றும் காலத்துக் குளிர்ந்த இரவுகளும். ஆசையென்றால் ஓரிரு கொடி வையுங்கள், முழுக் காணியையும் கொடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் காய்க்கும் இஸ்ரேல் புளூ என்ற முந்திரிகை இனம்தான் வன்னிக்கு என் தெரிவு. வயற்காணி வேண்டாம், நீர் தேங்கி வேர் அழுகும். மேட்டுச் செம்மண்ணில் இரண்டரை அடிக் குழி வெட்டி, உக்கிய எரு கலந்து நடுங்கள். கவாத்து மாரிமழை ஓய்ந்தபின், தை கடைசியில். ஐப்பசியில் வெட்டினால் இளந்தளிர் மழையில் நனைந்து, இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து, பூங்கொத்தும் கருகிவிடும். தையில் வெட்டியது வைகாசி அளவில் பழுக்கும். அப்போது நீரை மட்டாக விடுங்கள். காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும்.