வருஷத்துக்கு இரண்டு கையெழுத்து

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பகுதியில் இயங்கும் ஒரு நவீன நாடகக் குழுவின் நாடகங்களை விடாமல் பார்த்து வருகிறேன். குழுவை நடத்துபவர் போன வாரம் வீட்டுக்கு வந்து, தங்கள் டிரஸ்டில் அறங்காவலராக இருக்க முடியுமா என்று கேட்டார். "வேலை ஒன்றும் இருக்காது சார், வருஷத்துக்கு இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றார். எனக்கு நாடகம் பார்க்கத் தெரியும், நடத்தத் தெரியாது. சேரலாமா? கைப்பணம் போட வேண்டியிருக்குமா? நாடகம் பிடிக்காவிட்டால் வாய் திறக்கலாமா? நீங்கள் இப்படி ஒரு குழுவில் இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

சேருங்கள். ஆனால் அந்த இரண்டு கையெழுத்தும் எதன் அடியில் விழப்போகிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

டிரஸ்ட் பத்திரத்தின் நகலையும் கடைசி மூன்று வருட ஆடிட் கணக்கையும் முதலில் கேட்டு வாங்குங்கள். தர இழுத்தடித்தால் பேசாமல் டிக்கெட் வாங்கி நாடகம் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் பொது டிரஸ்டுகளுக்கென்று 1950ஆம் வருடச் சட்டமும் மேற்பார்வைக்கு ஆணையரும் உண்டு. இங்கே அப்படி இல்லாததால் பத்திரத்தில் எழுதியிருப்பதற்குக் கனம் அதிகம். நிறுவனர் ஆயுட்கால அறங்காவலர், மற்றவர்களை அவரே நியமிப்பார், அவரே நீக்குவார் என்று இருந்தால் உங்கள் இடம் எது என்று புரிந்துவிடும். 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கமாக இருந்தால் பொதுக்குழு, தேர்தல், பதிவாளருக்குக் கணக்கு என்று ஒரு கடிவாளம் இருக்கும். நாடகக்காரர்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள். தான் தொடங்கிய குழுவிலிருந்து தன்னையே ஓட்டுப்போட்டு வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். நியாயமான பயம்தான்.

நாடகம் நடத்தத் தெரியாது என்பது ஒரு குறையே இல்லை. 1891ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. சபையில் இருந்தவர்களில் பலரும் வேறு தொழில் பார்த்தவர்கள். விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்ட அந்தச் சபை இன்று அண்ணா சாலையில் ஒரு கிளப். யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து இனி நாடகம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் இருந்த குழுவில் ரொம்ப சங்கடமான கூட்டம் வாடகையைப் பற்றியது. ஒத்திகை நடந்தது நிறுவனரின் வீட்டு மாடியில். அதற்கு டிரஸ்ட் மாத வாடகை கொடுத்தது. அந்தத் தொகைக்கு வெளியே ஒரு ஷெட்கூடக் கிடைத்திருக்காது, மனிதர் ஏமாற்றுக்காரரும் இல்லை. ஆனால் வாடகையை முடிவு செய்தவர், செக்கில் கையெழுத்துப் போட்டவர், பணத்தை வாங்கிக்கொண்டவர் மூவரும் அவரே. நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்கள் உறவினருக்கோ நியாயமான அளவை மீறி டிரஸ்ட் பணம் போனால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. அக்கம்பக்கத்து வாடகையை விசாரித்து, அவர் வெளியே போய் நின்ற பிறகு மற்றவர்கள் தொகையை முடிவு செய்து, மினிட்ஸில் எழுதினால் விஷயம் முடிந்தது. இதைச் சொன்னதும் "என்னைத் திருடன் என்கிறீர்களா?" என்று கேட்டார். கேட்டது எங்கள் எல்லோரையும்விட அந்தக் குழுவுக்காக அதிகம் இழந்த மனிதர். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்புறம் அவரே எழுந்து வராந்தாவுக்குப் போனார். அன்று எழுதிய அரைப்பக்கம் பிற்பாடு ஆடிட்டர் கேட்டபோது உதவியது. உங்களைக் கூப்பிட வந்தவரிடமும் ஒரு நாள் இப்படி ஏதாவது சொல்ல நேரும். அதற்குத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பணம்? அமெரிக்காவில் நாடகக் குழுக்களின் போர்டில் உட்காருபவர் வருடத்துக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும், இல்லையேல் யாரிடமாவது வாங்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது பரவலான பழக்கம். அப்படிப்பட்ட ஊரிலும் தடுக்கி விழுகிறார்கள். 2006ல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை வாங்கிய சியாட்டில் நகரத்து இன்டிமன் தியேட்டர், 2011 ஏப்ரலில் அந்த வருடத்தின் மிச்ச நாடகங்களை ரத்து செய்துவிட்டு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. இங்கே உங்களிடம் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள், முடிந்ததைக் கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் செக்கில் கொடுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. உங்கள் பணத்தைவிட உங்கள் வங்கிக் கண்தான் அவர்களுக்குத் தேவை. குழுக்களுக்கு மத்திய அரசு தரும் நல்கை (கிராண்ட்) அநேகமாகத் தாமதமாகத்தான் வரும். வந்த பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணையும் வராது. நடிகரின் வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது. ஆகவே வருட முடிவில் லாபமா நஷ்டமா என்று பார்ப்பது இருக்கட்டும், கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.

நாடகம் பிடிக்காவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், டீக்கடையில். கூட்டத்தில் நாடகப் பிரதியைப் பற்றிப் பேசாதீர்கள். நான்காவது காட்சி நீளம் என்று அறங்காவலர் சொன்னால் அது வெறும் அபிப்பிராயமாக இருப்பதில்லை, அடுத்த வருட பட்ஜெட்டில் கை வைத்திருப்பவரின் உத்தரவாகக் காதில் விழும்.

பிரதி விஷயத்தில் உங்களுக்கு வேலை வரும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நாடகத்தைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்த 1954ஆம் வருட நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை, பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013ல் செல்லாதென்று சொல்லிவிட்டது. ஆனாலும் அரங்கத்துக்காரருக்கு யாரோ ஒரு போன் போட்டால் போதும், நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு மின்சாரக் கோளாறு வந்துவிடும். அப்போது அவரைப் போய்ப் பார்க்க இயக்குநரை அனுப்பக் கூடாது, சண்டையில் முடியும். நீங்கள் போக வேண்டும், முன்பணம் கட்டிய ரசீதோடு.