யோம்ராவின் முறை

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி 20 நாளாகிறது. தூக்கம் வராமல் 'ஹெல்பவுண்ட்' தொடரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து முடித்தேன். கொரியர்களுக்கு மதத்தின் மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா? அப்பாவோடு ஒரு வருடமாக நான் பேசவில்லை. நரகம் என்று ஒன்று உண்டா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். ஆனால் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாட்டுக்கே தீர்ப்பு எழுதுகிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. இயக்குநர் யோன் சாங்-ஹோவின் அந்தத் தொடரில் மூன்று கரிய உருவங்கள் வந்து ஆளை எரித்துவிட்டுப் போகின்றன. ஏன் என்று அவை சொல்வதில்லை. 'இவன் பாவி' என்று விளக்கம் சொல்ல ஒரு சபை கிளம்புகிறது. பச்சைக் குழந்தைக்கும் அதே சாவு விதிக்கப்படும்போது அந்த விளக்கம் உடைகிறது. அங்கே அடிபடுவது கடவுள் அல்ல, கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள். சரி, அது போகட்டும்.

கொரியாவின் பழைய நரகம் வேறு. அங்குள்ள பௌத்த விகாரைகளில் மியோங்புஜோன் என்றொரு மண்டபம் உண்டு. நடுவில் நரகத்தில் தவிப்பவர்களைக் காக்கும் ஜிஜாங் போதிசத்துவர், இருபுறமும் இறந்தவர்களை விசாரிக்கும் பத்து அரசர்கள். ஐந்தாமவர் யோம்ரா. நம் யமன்தான், பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர். முதல் ஏழு அரசர்களிடம் ஏழு நாளுக்கு ஒரு விசாரணை, ஆக 49 நாள். யோம்ராவின் முறை 35ஆம் நாள். அந்த நாட்களில் வீட்டார் இறந்தவருக்காகப் பூசை செய்கிறார்கள். இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிற நரகம் அது.

'அலாங் வித் த காட்ஸ்' (2017) இந்த 49 நாளை வைத்து எடுத்த படம். தீயணைப்பு வீரன் ஒருவன் இறந்தபின் ஏழு விசாரணைகளைக் கடக்கிறான். சிறுவயதில், பசியும் நோயுமாக இருந்த வீட்டில், வாய் பேச முடியாத அம்மாவின் முகத்தில் தலையணையை அழுத்தப் போனவன் அவன். அவள் அப்போது தூங்கவில்லை. எல்லாம் தெரிந்தும் பொறுத்துக்கொண்டாள். பூமியில் மனதார மன்னிக்கப்பட்ட குற்றத்தை மேலுலகம் மறுபடி விசாரிக்காது என்பது அங்கே சட்டம்.

என் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் ஒருநாள் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாள். நான் டம்ளரை நங்கென்று தரையில் வைத்தேன். கஞ்சி சிதறியது. அவள் ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பை எடுத்து என் விரல்களைத் துடைத்தாள். சுட்டிருக்கும் என்று நினைத்திருப்பாள். அவள் அப்போதே என்னை மன்னித்துவிட்டாள் என்பது இந்தப் படம் பார்த்த இரவில்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை என் நரகத்தை நானே நடத்திக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பேசாமல் இருந்தது பெரிய தப்பு. மழுப்ப மாட்டேன். ஆனால் அந்த ஒரு வருடத்தில் அப்பா உங்களைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார்? அம்மாவிடம் கேட்டீர்களா? இல்லாவிட்டால் அவருக்கு நெருக்கமான யாரிடமாவது கேளுங்கள். 35ஆம் நாளுக்கு இன்னும் 15 நாள் இருக்கிறது.