சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகு அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றிக்கொண்டீர்கள்?

"போன வாரம்தான் ரிப்போர்ட் வந்தது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயது சொல்லவில்லை, வேலையும் சொல்லவில்லை. முப்பதுகளில் இருப்பீர்கள், பகல் வேலை, இப்போது தூக்கம் வராமல் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஒருவேளை நீங்களும் என்னைப் போல ராத்திரி வேலைக்காரர் என்றால் இன்னும் நல்லது. நம்மைப் போன்றவர்களுக்காக யாரும் எழுதுவதில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு கொண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், செக்யூரிட்டி. ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை, வாரத்தில் ஆறு நாள். நான் டாக்டர் இல்லை, என் உடம்புக்கு ஒத்துவந்ததைத்தான் எழுதுகிறேன். "மாத்திரையே விஷம், வெந்தயம் போதும்" என்று சண்டைக்கு வருபவர்கள் தயவுசெய்து வேறு இடம் பார்க்கவும். வெந்தயம் நானும் சாப்பிடுகிறேன். மாத்திரையும் போடுகிறேன்.

எனக்கு முதலில் வந்த எச்பிஏ1சி 9.8. ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது, 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பார்கள். பலதுறை மருந்தகத்தில் அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் கால்தான் நினைவுக்கு வந்தது. இடது கால் கட்டை விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தில் பாதி. அந்தக் காலத்தில் வீட்டில் 'இனிப்பு நீர்' என்பார்கள், அதைச் சத்தமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. "ரொம்ப இனிப்பு சாப்பிடுவீங்களோ?" எனக்கு இனிப்பே பிடிக்காது. தீபாவளிக்குக்கூட முறுக்குப் பக்கம்தான் கை போகும். தொப்பையும் பெரிதாக இல்லை. ஆனால் ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று இங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒல்லியாக இருப்பது சாட்சியில்லை. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் இந்த நோயைப் பற்றி நீளமாகவே பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு இருக்கிறது என்றார். பத்துக்கு ஆறு பேரும் லட்டு தின்றுதான் வாங்கிக்கொண்டார்களா? பரம்பரை இருக்கிறது, தூக்கம் கெடுவது இருக்கிறது, உட்கார்ந்தே செய்யும் வேலை இருக்கிறது. உங்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், நேரம்தான் வீண்.

சரி, எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு வருகிறேன். உணவியல் நிபுணரைப் பார்க்க அனுப்பினார்கள். சின்னப் பெண், சீனர், ரொம்பப் பொறுமை. கையில் அச்சடித்த தாள். "காலைச் சாப்பாடு என்ன?" என்றார். "தூங்கிக்கொண்டிருப்பேன்" என்றேன். "மத்தியானம்?" "அப்போதும் தூக்கம்தான்." பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, என் வேலை நேரத்தைக் கேட்டுக் கேட்டுப் புதிதாகக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது, மஞ்சள் கறையோடு.

அதில் இருந்தது இவ்வளவுதான். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன், ஏழு மணிக்கே வீட்டில் முடித்துவிட வேண்டும். நடு ராத்திரிக்கு மேல் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது. பகலில் சாப்பிட்டால் ஏறுவதைவிட அதே சோறு அந்த நேரத்தில் அதிகமாக ஏற்றும். அதனால் பன்னிரண்டு மணிக்குச் சின்னதாக, நாலு மணிக்கு அதைவிடச் சின்னதாக. காலையில் வீட்டுக்குப் போய் லேசாகப் பசியாறிவிட்டுத் தூங்க வேண்டும். தட்டுக் கணக்கு சுகாதார மேம்பாட்டு வாரியம் எல்லாருக்கும் சொல்வதுதான்: பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு முழுதானியச் சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றைத் தொட்டால் ஏற்றம் குறைகிறது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் மீட்டரிலேயே எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சொல்வது சுலபம், தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் கொண்டோ பக்கத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு புராட்டாக் கடை. அங்கே மீ கோரெங் கேட்டால் தக்காளி சாஸிலேயே பாதி இனிப்பு வந்துவிடும். என் மனைவி டிபனில் வைத்துக் கொடுப்பது அவித்த முட்டை, தவ்வு (சோயாக் கட்டி), கொஞ்சம் கடலைச் சுண்டல். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று கூட வேலை செய்யும் மலாய்க்காரத் தம்பி கிண்டல் செய்வான். செய்யட்டும்.

நான் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. ராத்திரியில் நாங்கள் ரவுண்டு போக வேண்டும்: கார் நிறுத்துமிடம், நீச்சல்குளம், ஒவ்வொரு புளோக்கின் மாடியும். அங்கங்கே இருக்கும் புள்ளியில் கருவியைத் தொட்டுப் பதிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் ரவுண்டு முடித்துவிட்டு வந்து, களைப்பில் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்வேன். இப்போது வரிசையைத் திருப்பிவிட்டேன். முதலில் சாப்பாடு, கையோடு ரவுண்டு. சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தால் தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஜிம்முக்குப் போக நேரமில்லை, ஓடுகிற வயதும் இல்லை. சம்பளத்துக்கு நடக்கும் நடையையே மருந்தாக்கிக்கொண்டேன். நீங்கள் அலுவலகத்தில் இருந்தாலும் சாப்பாட்டுக்கும் நடைக்கும் இப்படி ஒரு முடிச்சுப் போட முடியுமா பாருங்கள்.

பானங்கள் தனிக் கதை. காப்பிக் கடையில் வெறும் 'தே' என்றால் கெட்டிப் பால், அதிலேயே சீனி. 'தே சி' என்றால் அந்தப் பால் இல்லை, ஆனால் சீனி போடுவார்கள். 'தே ஓ'வில் பால் இல்லை, சீனி உண்டு. 'கோசோங்' என்று சேர்த்துச் சொன்னால்தான் சீனி போட மாட்டார்கள். 'சியு டாய்' என்பது சீனி குறைவு மட்டும்தான். நான் இப்போது 'தே சி கோசோங்'. முதல் வாரம் வாயில் வைக்க முடியவில்லை, இப்போது பழைய தேயைக் குடித்தால் நாக்கு ஒட்டுகிறது. பெட்டிப் பானங்களில் 2022 கடைசியிலிருந்து நியூட்ரி-கிரேட் எழுத்து வந்துவிட்டது, ஏ முதல் டி வரை. 'டி' என்றால் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சீனி. எழுத்தைப் பார்த்து எடுத்தால் போதும், பொடி எழுத்தில் இருப்பதை எல்லாம் படிக்க வேண்டியதில்லை.

ஆனால் எழுத்துப் போடாமல் வரும் பானங்களை என்ன செய்வது? கொண்டோ மக்களில் நல்லவர்கள் நிறைய. காவலர் அறைக்குப் பாக்கெட்டில் கட்டிக் காப்பி கொண்டுவந்து தொங்கவிடுவார்கள், சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட் டப்பா டப்பாவாக வரும். வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். ஆறாவது மாடி ஆண்ட்டி ஒருவர் பார்லி தண்ணீர் கொண்டுவருவார், நான் எடுத்து வைத்துவிட்டுக் குடிக்காமல் இருப்பதைப் பார்த்து ஒரு நாள் திட்டியேவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "நீயுமா?" என்றார். அவர் இன்சுலின் போடுகிறவராம்! அன்றிலிருந்து லிப்டுக்குப் போகும் வழியில் நின்று "எவ்வளவு?" என்று கேட்பார், நானும் எண்ணைச் சொல்வேன், அவர் தன் எண்ணைச் சொல்வார். என் மச்சானிடம்கூட இப்படி மனம் விட்டுப் பேச முடிவதில்லை. அவர் தஞ்சாவூரில் இருக்கிறார். "எனக்கு 180, உனக்கு 8.5 தானா, அதெல்லாம் ஒன்றுமே இல்லை போ" என்றார் ஒருமுறை. இங்கே அளவு வேறு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர் எண் வரும், 8.5 என்றால் அங்கே 153. ஊர் யூடியூப் பார்த்துவிட்டுக் குழம்பாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். மாத்திரை போட்டால் சர்க்கரை தாழவும் செய்யும், எல்லா மாத்திரையும் அப்படியில்லை, சில. மெட்பார்மின் மட்டும் என்றால் வயிறுதான் முதலில் கலக்கும், சாப்பாட்டோடு போட்டால் பழகிவிடும். எனக்கு அதோடு கிளிக்லசைடு என்று ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு நாள் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டில் கை வைக்கப்போகும் நேரத்தில் போன். பகல் ஷிப்ட்காரருக்கு வீட்டில் அவசரம், சீக்கிரம் வா என்கிறார்கள். சோற்றை டிபனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு லிப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டார். அதைக் கவனித்து முடிப்பதற்குள் சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம். வந்த விருந்தினர் கார் எண்ணை எழுதப் போனால் பேனா தாளில் நிற்கவில்லை. குத்திப் பார்த்தேன், 3.2. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து.

இழுப்பறையில் காப்பிக் கடைச் சீனிப் பொட்டலங்கள் வைத்திருந்தேன். மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம் சீனி வாயில் போட வேண்டும், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். பொட்டலத்தைக் கிழித்துக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டிருக்கிறேன், வெளியே தடுப்புக்கு முன்னால் ஒரு கார் ஹார்ன் அடிக்கிறது. கையைக் காட்டிக் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் பொறுக்கவில்லை, போனை எடுத்துப் படம் பிடித்தார். மறுநாள் நிர்வாகத்துக்குப் புகார்: காவலாளி வேலை நேரத்தில் இனிப்புத் தின்றுகொண்டு தடுப்பைத் திறக்க மறுத்தார்.

இதே ஆள்தான் ராத்திரி பதினொன்றுக்கு உறைய வைத்த இறால் பார்சலைக் காவலர் அறையில் வாங்கி வைக்கச் சொல்பவர். பார்சல் வாங்குவது எங்கள் வேலையே இல்லை, எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் வாங்காவிட்டால் புகார், வாங்கி ஒன்று காணாமல் போனாலும் புகார். ஒருமுறை ஒரு பெட்டியிலிருந்து டுரியான் வாடை அறை முழுக்க இரண்டு ஷிப்ட் நின்றது, யாருடையது என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். இல்லைதான். எங்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். மீட்டரில் நேரத்தோடு பதிவாகியிருந்த 3.2-ஐக் காட்டினேன். அதோடு முடிந்தது. டாக்டரிடம் சொன்னபோது கிளிக்லசைடை நிறுத்திவிட்டுத் தாழ்வு அவ்வளவாக வராத வேறு வகைக்கு மாற்றினார். 'செக்யூரிட்டி' என்று மட்டும் சொன்னால் பகலா இரவா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் டாக்டரிடம் வேலையின் பெயரைவிட நேரத்தைச் சொல்லுங்கள். கூட வேலை செய்பவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். முதலாளிக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சூழ்நிலை, அதில் நான் தலையிட மாட்டேன். முதலிலேயே நான் முதலாளிக்குச் சொல்லவில்லை என்று ஏற்கெனவே ஒருவர் கடிந்துகொண்டார். வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலையில் இருந்து பார்த்தால் தெரியும்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. நாள்பட்ட நோய்க்கு மெடிசேவில் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) ஆண்டுக்கு 500 வெள்ளி வரை எடுக்கலாம், ரத்த அழுத்தம் போல இன்னொன்றும் சேர்ந்திருந்தால் 700. சாஸ் அட்டை (அரசின் மருத்துவச் செலவு உதவி அட்டை) இருந்தால் தனியார் மருந்தகத்திலும் கழிவு உண்டு. கண் படம், பாதப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான சோதனை, இவற்றை ஆண்டுதோறும் விடாதீர்கள். பாதம் பார்க்கும் தாதி மெல்லிய நைலான் இழையால் விரல் விரலாகத் தொட்டு "தெரிகிறதா?" என்று கேட்பார். அப்பாவுக்கு யாரும் அப்படித் தொட்டுப் பார்க்கவில்லை.

என் கடைசி எச்பிஏ1சி 6.9. இன்னும் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். பார்ப்போம்.

இன்னொன்று. மீட்டர் வாங்கினால் விரல் நுனியில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. குத்தும் முன் கையைக் கழுவுங்கள். பேத்திக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு என் மனைவி தன் விரலைக் குத்திப் பார்த்தார், 14 காட்டியது. எனக்கும் வந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்தச் சொன்னேன். 5.6.